சீகன்பால்கு பாதிரியாரும் ‘அக்கியானம்’ என்னுஞ் சொல்லும்

பிறர் சமயக் கொள்கையை மறுக்கப் புகுந்தோர் முதற்கண் அக்கொள்கையை அச்சமயத்தார் தாமே கூறுமாறு போல எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுப்புரைத்தல் வேண்டும் என்பது சைவ ஆசிரியர் கைக்கொண்ட முறையாகும். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியார்ப் பரபக்கம், உலோகாயதர் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாக 14 மதங்களை இம்முறையானே எடுத்து ஆராய்கின்றது. ஒவ்வொரு மதத்தின் கூற்றும் முன்னர் நிற்க, அதன் மறுப்புப் பின்னர் நிற்கும். கற்போன் இரண்டினையும் ஒரே நூலில், ஒரே மொழியிற் கண்டு சீர்தூக்குவன். மறுக்கப்பட்டோனும், தன் கொள்கை பிழைபடக் கூறப்பட்டதாயின், அவ்விடத்தைச் சுட்டி வழக்காடுதற்கு இடமுண்டு.

இவ்வளவுகோலைக் கொண்டு அளந்தறிதற்குரிய அயல்நாட்டார் பலருள்ளும் பர்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் தலைமையானவர். அவரைச் சைவத்தின் பகைவரெனக் கொண்டு அவர் நூல்களைத் தீண்டாது விட்டாரும் உளர். தமிழ்த்தொண்டர் எனக் கொண்டு அவர் நூல்களைப் படியாமலே புகழ்ந்தாரும் உளர். இவ்விருதிறத்தாரும் அவர் எழுதியவற்றை ஒருங்கு வைத்து நோக்கினாரல்லர். ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓருண்மை புலனாம். அவர் தம் நாட்டவர்க்குத் தமிழரைப்பற்றி எழுதியது ஒரு வகை. தமிழர்க்கு அவர்தஞ் சமயத்தைப்பற்றி எழுதியது மற்றொரு வகை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே ஈண்டு ஆராயற்பாலது.

சீகன்பால்கு 1682-ஆம் ஆண்டு சூலை 10-ஆம் நாள் சாக்சனி நாட்டுப் புல்சுநிட்சு என்னும் சிற்றூரிற் பிறந்தவர். ஹாலே நகரத்திற் பக்திநெறிக் கிறித்தவர்க்குத் தலைவராய் விளங்கிய அவுகுஸ்து ஹெர்மன் பிராங்கே என்பாரின் மாணாக்கர் கூட்டத்தைச் சார்ந்தவர். டென்மார்க்கு வேந்தராகிய நான்காம் பிரெடெரிக்கு விடுப்ப, ஹென்றிக் புளூச்சௌ என்னுந் துணைவருடன் கப்பலேறி, 1706-ஆம் ஆண்டு சூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தார். அவ்வூர் 1620-ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் டேனியர் கைப்பட்டது. கடற்கரையிலே மாசிலாமணிநாதர் திருக்கோயிலும் அதற்கு அணித்தே டேனியர் கோட்டையும் நிற்கும் அவ்வூரில், டேனியத் தலைவரே அவரை உவந்து ஏற்றிலர். 1708-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நான்கு திங்கள் அவர் கோட்டையிற் சிறையிருந்தார். 1714 முதல் 1716 வரை ஐரோப்பாவிற்குச் சென்று மீண்டது நீங்கலாக எஞ்சிய வாழ்நாளை அவ்வூரிலேயே கழித்து, 1719-ஆம் ஆண்டு பிப்பிரவரி 23-ஆம் நாள் 36-ஆம் அகவையில் அங்கேயே இறந்தார்.

அவர் தமிழ் கற்ற முறை பாராட்டத்தக்கது. முதிய உபாத்தியாயர் ஒருவரை அமர்த்திப் பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பயின்றார். பன்மொழி யறிந்த அழகப்பன் என்னும் துபாசியின் துணைகொண்டு பேச்சு வழக்கை அறிந்தார். அதன்பின் ஏடுகளைத் தேடலானார். எழுத்தர்களை உள்நாட்டிற்கு விடுத்து விலைக்கு வாங்கியும், கிடையாதவற்றைப் படியெடுப்பித்தும் ஒரு நூனிலையத்தைத் திரட்டினார். 1708-ஆம் ஆண்டில் அவற்றிற்கு ஓர் அட்டவணை எழுதி ஹாலேக்கு விடுத்தார். கிறித்தவர், மகமதியர் நூல்கள் ஒழியத் தமிழருடைய சமயத்தையும் இலக்கியத்தையும் பற்றியனவாக அதிற் கண்டவை 119. நூற்பெயரை மட்டும் நிரைத்தொழியாது, ஒவ்வொன்றும் எப்பொருள் நுவல்வது, யாவர் கையில் வழங்குவது என்பனவற்றையும் இயன்றவரை குறித்துள்ளார். தமிழ்நூல்களுக்கு இத்துணைப் பழைமையான விளக்க அட்டவணை வேறு காண்டல் அரிது. வில் சுவீட்மன், இரா. இலக்குவன் என்னும் இருவர் இதனை ஆராய்ந்து விளக்கத்துடன் பதிப்பிக்க, 2012-இல் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது.

அதே 1708-ஆம் ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி என்னும் மூன்றனையும் அவர் ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். ஐரோப்பாவிலுள்ள கிறித்தவர் தமிழரைக் கல்வியும் ஒழுக்கமும் அற்ற கூட்டமென எண்ணுகின்றனர் என்றும், தாமும் வந்த புதிதில் அவ்வாறே எண்ணியதாகவும், மொழியைக் கற்று நூல்களைப் பயின்றபின் அவ்வெண்ணம் ஒழிந்ததாகவும் அவர் எழுதியிருத்தல் உளங்கொளற்பாலது. தாம் கொண்டுவந்த கருத்தைக் கற்றறிந்த பின் விட்டொழித்தல் அறிஞர்க்குரிய இயல்பாம். அவ்வியல்பு அவர்பால் இருந்ததென்பதை மறுத்தல் நடுவுநிலைமை யன்று.

அவர்பால் இருந்த மற்றோரியல்பும் மறைத்தற்குரியதன்று. ஊர்த்தெய்வக் கோயிலொன்றில் மண்ணாற் சமைத்த உருவங்கள் சிலவற்றைக் கீழே தள்ளியும், சிலவற்றின் தலையைத் தகர்த்தும், அவற்றிற்கு ஆற்றலின்மையை மக்கட்குக் காட்டியதாக அவரே கடிதத்தில் எழுதினர். அப்பொழுது தமிழர் ஒருவர் சினந்து எழாமல், அவை தெய்வங்களல்ல, தெய்வத்திற்குரிய படைவீரரின் உருவங்களே என விளக்கினர் என்பதும் அக்கடிதத்தாலேயே தெரிகின்றது. உடைத்தவர் அறியாததனை உடைக்கப்பட்ட பொருளுக்குரியவர் அமைதியோடு அறிவுறுத்தினர். பின்னாளில் அப் பாதிரியார் ஐயனார், மாரியம்மன், பிடாரி முதலிய ஊர்த்தெய்வங்களைப்பற்றி விரிவாக எழுதுதற்கு இத்தகைய உரையாடல்களே வழிகாட்டின என்று கருதுதல் பொருந்தும்.

இனி, அவர் ஜெர்மன் மொழியில் எழுதிய பெருநூல்கள் இரண்டனை நோக்குவாம். ஒன்று, 1711-இல் எழுதப்பட்ட ‘மலபாரியரின் புறச்சமயம்’ என்னும் பொருளுடைய நூல். மலபாரியர் என்றது தமிழரையே. அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை அப்பெயரால் வழங்கினர். அந்நூலில், கடவுள் ஒருவர் உளர், அவர் உலகிற்கு முதல்வர் என்னும் உணர்ச்சி தமிழர்க்குக் கிறித்தவரிடத்திருந்து வந்ததன்று, இயல்பாகவே உண்டென்று அவர் ஒப்புகின்றார். அதற்குச் சான்றாகத் தமிழ்நூல்களையே காட்டுகின்றார். சிவவாக்கியத்தை அவர் பலகாலும் எடுத்தாளுகின்றார். மற்றொன்று, 1713-இல் எழுதி முடித்த ‘மலபாரியத் தெய்வங்களின் வமிசாவளி.’ தமிழருடைய நூல்களினின்றும் கடிதங்களினின்றும் தொகுக்கப்பட்டதென அதன் தலைப்பே அறிவிக்கின்றது. பராபரவஸ்துவை முதற்கண் வைத்து, மும்மூர்த்திகள், கிராமதேவதைகள், தேவர் முதலியோர் என நான்கு பகுதிகளாக அது நடக்கின்றது.

இந்நூல் ஹாலேக்குச் சென்றபின் நேர்ந்தது வியப்பைத் தருவது. அஞ்ஞானத்தை இந்தியாவில் வேரறுத்தற்கு விடுக்கப்பட்டவரேயன்றி, அஞ்ஞானிகளின் பொருளற்ற கூற்றுக்களை ஐரோப்பாவிற் பரப்புதற்கு விடுக்கப்பட்டவர் அல்லர் என்னும் கருத்துப்படப் பிராங்கே விடை கூறினர் என்று பிற்காலப் பதிப்பாசிரியர் குறித்துள்ளார். நூல் ஆசிரியர் பெயரோடு அச்சேறிற்றிலது. 154 ஆண்டுகள் கழிந்து, 1867-இல் வில்ஹெல்ம் கெர்மான் என்னும் பாதிரியார் அதனைச் சென்னையில் ஜெர்மன் மொழியிற் பதிப்பித்தார். 1869-இல் மெட்ஸ்கர் என்பவரது ஆங்கில மொழிபெயர்ப்புச் சென்னையிலேயே வெளிவந்தது. ‘மலபாரியரின் புறச்சமயம்’ 1926-இலும், நீதிநூல் மொழிபெயர்ப்புக்கள் 1930-இலும், காலந்து என்னும் வடமொழிப் பேராசிரியரால் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறின. வமிசாவளியின் 1713-ஆம் ஆண்டு மூலவடிவத்தை டேனியல் ஜெயராஜ் 2003-இல் வெளியிட்டார். ஆகவே தமிழரைப் பெருமைப்படுத்தும் பகுதிகள் அடங்கிய ஏடுகள் ஐரோப்பியப் பெட்டிகளிற் கிடந்தன. அவற்றிற்குச் செய்தி தந்த தமிழரோ, அவர்தம் மக்களோ, பேரரோ அவற்றைக் கண்டாரல்லர்.

அவர்கள் கண்டது யாது? இலண்டன் மாநகரத்துச் சங்கம் ஒன்று விடுத்த அச்சுப்பொறி 1712-இலும், ஹாலேயில் வார்த்த தமிழெழுத்துக்கள் 1713-இலும் தரங்கம்பாடியை அடைந்தன. அவ்வெழுத்துக்களைக்கொண்டு அவ்வாண்டே தமிழில் அச்சிட்ட தொடக்க நூல்களுள் ஒன்று ‘அக்கியானம்’ என்னும் சிறுநூல். அக்கியானம் எத்துணை அருவருக்கத்தக்கது என்பதையும், அதனுள் இருப்பவர் ஈடேறுமாறு எங்ஙனம் என்பதையும் உரைக்கப் புகுந்ததாக அதன் தலைப்பே கூறும். வமிசாவளி எழுதப்பெற்ற ஆண்டும் இச்சிறுநூல் அச்சான ஆண்டும் ஒன்றே என்பது மறத்தற்பாலதன்று. எழுதிய கையும் ஒன்றே. ஒரே ஆண்டில் ஒருவரே, தமிழர் நூல்களையும் கடிதங்களையும் சான்றாக வைத்து அவர்தஞ் சமயத்தை விரித்தெழுதியதை அயல்நாட்டிற்கு விடுத்து, அச்சமயத்திற்கு அக்கியானம் என்று பெயர்சூட்டியதைத் தமிழர் கையிற் கொடுத்தார். பரபக்கத்தில் முன்னர் நிற்கவேண்டிய பகுதி ஜெர்மன் மொழியில் நின்றது. பின்னர் நிற்கவேண்டிய மறுப்பு மட்டுமே தமிழில் வந்தது. இதுவே அவர் எழுத்தின்கண் உள்ள பெருங்குறை.

அன்றியும், அக்கியானம் என்னும் அச்சொல்லையே ஆராய்தல் வேண்டும். அஃது அஞ்ஞானம் என்பதன் உலகவழக்குத் திரிபு. அப்பெயரை முதன்முதல் இங்ஙனம் ஆண்டவர் சீகன்பால்கு அல்லர். 17-ஆம் நூற்றாண்டில் மதுரையில் வாழ்ந்த தத்துவபோதகராகிய இராபர்ட்டு நொபிலி ‘அஞ்ஞான நிவாரணம்’ என நூலெழுதினர். கத்தோலிக்கர் ஏடுகளினின்றும் கிறித்தவச் சொற்கள் பலவற்றைச் சீகன்பால்கு கடன்கொண்டார். அவற்றோடு இதுவும் வந்தது. ஆயின் அச்சொல்லின் உரிமைப்பொருள் யாது? சைவ சித்தாந்தத்தில் அஞ்ஞானமாவது உயிரின் அறிவை மறைத்து நிற்கும் ஆணவமலத்தின் செயல். செம்பிற் களிம்புபோல அஃது அநாதியே உயிரைப் பற்றிநிற்பது. விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என்னும் மூவகை உயிர்க்கும் அது பொது. தமிழனுக்கு உண்டு, ஜெர்மானியனுக்கு இல்லை என்று பிரித்தற்கு அதில் இடமில்லை. திருக்கோயிலுள் நிற்போனையும் அது விட்டதன்று. தேவாலயத்துள் நிற்போனையும் விட்டதன்று. இறைவன் திருவருள் பதியும் பருவம் எய்தியபோதே அதன் வலி கெடும்.

இத்தகைய சொல் ஒரு மக்கட்கூட்டத்தின் சமயப்பெயராக மாற்றப்பட்டது. உயிர்க்குற்றமாக நின்றது ஊர்க்குற்றமாயிற்று. ‘அஞ்ஞானி’ என்றால், தன்னுள்ளிருக்கும் இருளை நினைந்து நாணவேண்டிய ஒவ்வொருவனையும் சுட்டாது, ஞானஸ்நானம் பெறாத அடுத்த வீட்டானைச் சுட்டுவதாயிற்று. அவ்வழக்குக் கிறித்தவத் தமிழிற் பல தலைமுறை நிலைத்தது. ஒரு சொல்லின் பொருள் சுருங்குதல் சிறுதீங்கென எண்ணற்க. அச்சொல் தன்னை நோக்கி வினவும் வினாவாக இருந்தவரை உயிர்க்கு மருந்தாயிருந்தது. பிறனை நோக்கி எறியுங் கல்லானபின் எறிந்தவனுக்கும் எறியப்பட்டவனுக்கும் பயன்படாதொழிந்தது.

அற்றன்று, ஆராய்ச்சி நூலின் நோக்கம் வேறு, போதனைச் சிறுநூலின் நோக்கம் வேறு, ஆகலின் இரண்டனையும் ஒப்பிட்டுக் குற்றங் கூறுதல் பொருந்தாதென்பார் உளரெனின், நோக்கம் வேறாதல் ஒக்கும். ஜெர்மன் நூல்களிலும் அவர் தமிழரைப் புறச்சமயத்தாரென்றே வழங்கினார். தம் சமயமே மெய்யென்னுந் துணிவை எங்கும் விட்டிலர் என்பதும் ஒக்கும். அத்துணிவுபற்றி அவர்மீது குற்றமில்லை. தம் சமயத்தை மெய்யென நம்பாதவன் அதனைப் போதிக்க வருதலே குற்றமாம். ஆயின் ஜெர்மானிய வாசகன் அவர் தீர்ப்பினை மட்டுமன்றித் தமிழர் சான்றினையும் உடன்பெறுமாறு அவர் எழுதினார். தமிழ் வாசகனுக்கோ அவ்வாய்ப்பு அவர் அச்சிட்ட நூல்வாயிலாகக் கிட்டிற்றிலது. யாருடைய சமயம் ஆராயப்பட்டதோ அவர்க்கே அவ்வாராய்ச்சி எட்டாது போதல் முறையன்று என்பதே ஈண்டுக் கூறப்படுவது.

வமிசாவளியும் குற்றமற்றதன்று. நூற்பெயரே அதன் முதற்குற்றம். வமிசமென்பது பிறப்பும் இறப்பும் உடையார்க்கு உரியது. சித்தாந்தங் கூறும் பதி பிறப்பிலியாதலின் அவர்க்கு வமிசாவளி எழுதல் கூடாமையின் பாற்படும். சத்தி சிவத்தோடு நெருப்பிற் சூடுபோலப் பிரிவின்றி நிற்பது. மனைக்கிழத்தியர் கணவரோடு நிற்பதுபோல எண்ணிக் குலமுறையில் எழுதத்தக்கதன்று. கிரேக்கர், உரோமர் கதைகளைக் குலமுறையாக எழுதிப் பழகிய ஐரோப்பியக் கண் அதே சட்டகத்தினுள் தமிழர் தெய்வங்களையும் அடைக்க விரும்பிற்று. புராணக் கதைகளைக் கேட்டெழுதியவற்றால் அச்சட்டகம் நிரம்பிற்று. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளின் இயல்போ குலமுறைச் சட்டகத்துள் அடங்குவதன்று. ஏடுகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைத் திரட்டியவரும் ஒரு சமயத்தின் கதைகளை அறிவதற்கும் அதன் சாத்திரத்தை அறிவதற்கும் உள்ள இடைவெளியை முற்றக் கடந்திலர். எனினும் ஊர்த்தெய்வங்களைப்பற்றிய பகுதி, கற்றோர் எழுதாது விட்ட வழிபாடுகளை 1713-ஆம் ஆண்டிற் கண்டவாறு குறித்தமையால், இன்றும் ஆராய்ச்சியாளர்க்கு வேண்டப்படுவது.

அவர்தம் தொகுப்புக்களுட் சைவ மக்கள் முதற்கண் படிக்கவேண்டியது அவர் எழுதியதன்று. தமிழர் அவர்க்கு எழுதிய கடிதங்களேயாம். 1712 முதல் அவரும் கிருண்டலர் என்னும் உடன்பாதிரியாரும் சமயம், ஒழுக்கம், மருத்துவம் முதலியன பற்றி வினாக்கள் விடுப்பத் தமிழர் பலர் விடையெழுதினர். அவற்றுள் 99 கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு, 55 கடிதங்கள் 1714-இலும், 44 கடிதங்கள் 1717-இலும் ஹாலேயில் அச்சாயின. அவற்றின் தமிழ்மூலம் கிடைத்திலது. மொழிபெயர்ப்பினூடேயும் எழுதினாரது உறுதி தெளிவாகக் கேட்கின்றது. கடவுள் ஒருவரே, அவர் வெவ்வேறு மக்கட்கு வெவ்வேறு சமயங்களை வகுத்தார், அவரவர் தத்தம் நெறியில் வழுவாது நின்று கதியடைதல் கூடும் என்பது அவர்கள் மீட்டும் மீட்டும் எடுத்துரைக்கும் கொள்கை. பசுவைக் கொன்று உண்டல், குடித்து மயங்குதல், தூய்மை பேணாமை ஆகிய இவை ஐரோப்பியர்பாற் காணப்படுதலின், அவர்தஞ் சமயத்தைத் தமிழர் மதிக்கின்றிலர் என்றும் அஞ்சாது எழுதினர். வினாவியவர் கோட்டையின் பாதுகாப்பில் இருந்தவர். விடையெழுதியவர் அவ்வாட்சிக்கு உட்பட்டும் அதன் அயலிலும் வாழ்ந்த எளியவர். அஃதறிந்தும் மெய்யைச் சொல்லினர். அவர்கள் கூறிய குறையை மறையாது தம் நாட்டிற்கு விடுத்த பாதிரியார் இருவரும் ஒருவாற்றான் மெய்யைப் போற்றியவரே.

இவற்றால் துணியப்படுவன மூன்று. சீகன்பால்கு தமிழ்நூல்களைக் கண்ட உழைப்பு மெய்யானது. அதனைப் பாராட்டுதல் கடன். அவர் தமிழில் சூட்டிய அக்கியானம் என்னும் பெயர் பிழையானது. அதனை மறுத்தலும் கடன். அவர் ஜெர்மனில் எழுதியவற்றையும் தமிழர் கடிதங்களையும் முற்றிலும் தமிழாக்கி, அவ்வவ்விடத்துச் சாத்திரவுண்மையைக் குறிப்பாகச் சேர்த்து வெளியிடுதல் மூன்றாவது கடன். 1713-இல் பிரிந்து போன கூற்றும் மறுப்பும் அப்பொழுதே ஒரே மொழியில் ஒருங்கு நிற்கும்.

இதற்கு நல்வழி காட்டினாரும் சைவருள் உளர். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் உழைத்து, அந்நூலை ஐயந்திரிபறக் கற்றவர். அக்கல்வியின் பின்னரே 1854-இல் ‘சைவதூஷண பரிகாரம்’ வெளியிட்டு, விவிலியத்தினின்றே மேற்கோள் காட்டிப் பாதிரிமார்க்கு விடையிறுத்தார். மறுக்கப்பட்ட நூலை அறியாதார் எவரும் அவரைக் குறைகூற இயன்றதில்லை. அறிந்து மறுத்தலே சைவ மரபு. அறியாது வெறுத்தலும் அறியாது புகழ்தலும் அம்மரபின் பாற்படா.

தரங்கம்பாடிக் கரையில் மாசிலாமணிநாதர் கோயிலைக் கடலலை அரித்தது. டேனியர் ஆட்சி 1845-இல் அவ்வூரை ஆங்கிலேயர்க்கு விற்றுச் சென்றது. அலையும் அரசும் அழித்தன போக எஞ்சியிருப்பது எழுத்து. அவ்வெழுத்தினுள் ஒரு பாதிரியாரின் உழைப்பும் பிழையும், பெயர் தெரியாத தமிழர் பலரின் தெளிந்த விடைகளும் ஒருங்கு கிடக்கின்றன. அஞ்ஞானம் எவ்வுயிர்க்கும் பொதுவென்னும் சித்தாந்தத் துணிவை மறவாதார், அப்பிழையைச் சினமின்றிக் கண்டு, அவ்விடைகளை உரிமையோடு மீட்டுக்கொள்வார்களாக.